ஒரு பொட்டு வெயில்

"டேப்போட நுனியக் கெட்டியாப் புடி, அம்மிணி. ஒரு நூலு தப்புனாலும் சந்து விழுந்துரும்."

"கடையில ரெடிமேடாவே தொங்குதுங்களே. எதுக்கு இத்தன மெனக்கேடு?"

"அதுல ஓரத்துல வெயிலு பூந்துரும். ஒரு பொட்டு வெயிலு உள்ள வரக்கூடாது."

"கம்பெனியில கட்டிங் மாஸ்டர் அளவெடுக்கற மாதிரியே எடுக்கறீங்க. வண்டிக்குச் சட்டையா?"

"வண்டிக்கில்ல. உனக்கு."

போன மாதம் வீட்டு வாசலில் நடந்த பேச்சு. அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே, வண்டியின் எல்லாக் கண்ணாடிக்குமான வெயில் மறைப்புகளுக்கும் ஓரம் அடித்தது அவள்தான். வெளிப்பக்கம் பளபளக்கும் வெள்ளித்தாள். உள்பக்கம் கறுப்புத் துணி. பிரிந்துவிடக் கூடாதென்று இரட்டைத் தையல்.

இப்போது அவை அத்தனையும் கண்ணாடிகளோடு அப்பிக்கொண்டு நிற்கின்றன.

அவள் உள்ளே இருக்கிறாள்.

பின்சீட்டில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நின்ற இடத்திலேயே. ஏசிக்காக. வெளியே பங்குனி வெயில். உள்ளே குளிர்ச்சிதான். அவன் போட்ட கணக்குத் தப்பவில்லை.

ஃபோர் வீல் டிரைவ். ஆற்று மணலைத் தாண்டிக் குலதெய்வக் கோயில் வரைக்கும் வரக்கூடிய வண்டி சொந்தத்தில் இது ஒன்றுதான். முதல் நடையில் பானையும் விறகும் கிடாயும் வந்தன. இரண்டாம் நடையில் அவளும் பாப்பாவும்.

பாப்பாவை மட்டும் இறக்கிக்கொண்டார்கள்.

அத்தை, அவனைப் பெற்றவள், அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். புள்ள எங்க புள்ள, மொட்டை போட்டுக் காது குத்திக்கறோம். அவ வேற சாதி, அவ காலு அந்த மண்ணுல படக்கூடாது.

படவில்லை.

நாயனக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிறார். யாரோ விறகை உடைக்கிறார்கள். யாரோ பாப்பாவைக் கொஞ்சுகிறார்கள். பாப்பா சிரிக்கிறாள். எல்லாம் பத்தடி தூரத்தில். எதையும் பார்க்க முடியவில்லை. வலப்பக்கத் தையலில் விரலை ஓட்டித் தேடினாள். ஓர் ஊசிமுனை இடம்கூட விடாமல் தைத்திருந்தாள்.

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அவளுக்கு அண்ணன் உண்டு. மருமகளுக்கென்று ஒரு குண்டுமணித் தோடு வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று பொங்கலிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறான். கூப்பிடவில்லை. அவள் புருஷன் பூபதியின் மாமா, அத்தையின் தம்பி, இன்றைக்கு மடி கொடுக்கிறார்.

செருப்புச் சத்தம் மணலில் நெருங்கி வந்தது.

"ஏம்ப்பா பூபதி, இது எதுக்கு இப்படி உறுமிக்கிட்டே கெடக்குது? உள்ள ஆரு?"

மாமாவின் குரல். தலைக்கு நேராக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

அவருக்குத் தெரியும். இங்கே வந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆருமில்லீங் மாமா. அமத்த மறந்துட்டனுங்."

"ஆருமில்லாத வண்டிக்கா இத்தன சோடன? நல்லாத்தான் வண்டியச் செல்லமா வளத்தற போ!" கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தனியாகப் பிரித்தெடுக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு, கம்பெனி பஸ்ஸின் பின் இருக்கையிலிருந்து அதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

முன்கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் உள்ளே வந்தது. மணிக்கட்டில் சந்தனம், மஞ்சள் கயிறு. சாவியைத் திருகிவிட்டுப் போனது.

ஏசி அடங்கியது.

குளிர்ச்சி உடனே போய்விடவில்லை. நல்ல மறைப்புகள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. முதலில் கழுத்து ஓரம். பிறகு ரவிக்கை முதுகு. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கலாம். இறக்கினால் மறைப்பு விழும். மறைப்பு விழுந்தால் அவன் சொன்னது பொய்யாகிவிடும்.

அவள் இறக்கவில்லை.

இரண்டு வருடமாக நாக்குக்கு அடியிலேயே கிடக்கிறது, அவனிடம் கேட்க வேண்டிய ஒன்று. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவானோ என்று பயம். கேட்காமல் இருக்கிற வரைக்கும், என்றாவது அவனாகச் செய்வான் என்று இருந்துகொள்ளலாம்.

நாயனம் திடீரென்று உயர்ந்தது.

அதற்கும் மேலே பாப்பாவின் அலறல்.

ஒரு காது.

அவள் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு காது.

அலறல் நிற்கவில்லை. ஒவ்வொருவராகக் கைமாற்றித் தூக்கிப் பார்ப்பது கேட்டது. கிலுகிலுப்பை. காக்கா காட்டுகிற குரல். அத்தையின் "ஆராரோ". பாப்பா எதற்கும் மசியவில்லை. வண்டிக்குள் அவளுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. ரவிக்கை நனைந்தது. பட்டு, கறைபடிந்துவிடும் என்று ஏனோ அந்த நேரத்தில் தோன்றியது.

மணலில் ஓடிவரும் சத்தம். பின்கதவு கொஞ்சமாகத் திறந்தது.

அவன்தான். வேர்த்துக் கொட்டியிருந்தான். கண் கலங்கியிருந்தது. குழந்தையின் வலி அவனுக்கும் வலிக்கத்தான் செய்தது.

அவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் வெறும் கையோடு நின்றான். தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"பால் பாட்டில எடு, அம்மிணி. பொடி கரைச்சது இருக்குதில்ல? சீக்கிரம்."

பாட்டில் அவள் பக்கத்திலேயே இருந்தது.

எடுத்தாள். கொடுக்கவில்லை.

"ஏனுங்க."

"எல்லாம் அப்பறம் பேசிக்கலாம். பாப்பா அழுகறா பாரு."

"மறுக்கா ஆராச்சும் உள்ள ஆருன்னு கேட்டாங்கன்னா," அவள் குரல் அவளுக்கே பழக்கமில்லாமல் இருந்தது, "எம் பொண்டாட்டின்னு சொல்லுங்க."