கயிறு பிடிக்க ஒரு ஆள்

"யாருக்கு யாருலே அத்தான்? சாமின்னு கூப்பிடு!"

சிவனணைந்தபெருமாள் சாமியார் போட்ட அதட்டலில் வீரபாகு இரண்டடி பின்னால் நகர்ந்தான். சொந்த அக்கா செல்லத்தாயின் புருஷன். போன வருஷம் வரைக்கும் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்திருந்த மனுஷன். ஜெர்மன் சண்டையில் கடை படுத்ததும் ஞானம் வந்துவிட்டது. தூத்துக்குடிக்கு வெளியே ஒரு தோப்பில் மடம் போட்டுவிட்டார்.

"சரி, சாமி. உங்க மக பகவதிக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம். தகப்பன் வந்து தட்டு மாத்தணும், இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கிடுதோம்னு மாப்பிள்ளை வீட்டுல கறாராச் சொல்லிட்டாவ. அக்கா அழுதுக்கிட்டே கிடக்கா. ஒரு நடை வந்துட்டுப் போயிருங்க."

"பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் கரியில ஓடுத வேம்பார் பஸ்ஸுல கூட வாரவங்க மாதிரிலே. அவங்கவங்க ஊர் வந்தா இறங்கிப் போவாவ. நீ பற்றுப் பிடிச்ச பயல், உனக்கு விளங்காது. போ, போ!"

சீடர்கள் "ஆகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீரபாகு சாமியாரை முறைத்தான். பெற்ற பிள்ளையின் வாழ்வு போகிறதே, இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

அன்றைக்கு மடத்தில் விசேஷம் வேறு. உடம்பு மேலுள்ள பற்றையும் விட்டாச்சு என்று சாமியார் தம்பட்டம் அடித்திருந்தார். தோப்புக் கிணற்றில் இறங்கி, பொழுது சாய்கிறவரை கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தவம் செய்வாராம். கிணற்றுக்குப் படி கிடையாது. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். ஊரே கூடியிருந்தது. பின்வாங்கவும் வழியில்லை.

கயிறு பிடிக்கத் தலைமைச் சீடன் சங்கரபாண்டியன் முந்திக்கொண்டு வந்தான்.

"கெட்டியாப் பிடிப்பியாலே?"

"நீங்க சொல்லிக்கொடுத்தது வீண் போகுமா, சாமி? எனக்குப் பற்றுங்கிறதே அத்துப்போச்சு. போன மாசம் எங்க ஆத்தா செத்தா. வாய்க்கரிசி போடக்கூடப் போகலையே! இப்போ கயிறு நழுவி நீங்க உள்ள போயிட்டாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்."

சாமியாருக்கு முகம் வெளிறியது. அடுத்தவனைப் பார்த்தார்.

"நான் அவனுக்கும் மேல, சாமி!" என்றான் வன்னியபெருமாள்.

சாமியார் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் எங்கேயோ அதலபாதாளத்தில் கிடந்தது. கழுத்தளவோ, ஆளளவோ, யார் கண்டது?

"ஏலே... வீரபாகு போயிட்டானா? ஓடிப்போய்க் கூட்டியா!"

"அவர் பற்றுப் பிடிச்ச ஆளாச்சே, சாமி!" என்றான் சங்கரபாண்டியன்.

"அதுக்குத்தாம்ல கூப்பிடச் சொல்லுதேன்! திரேஸ்புரத்துல சங்கு குளிக்கிறவன் கயித்தை யார் கையில கொடுக்கான்? பொண்டாட்டி கூடப்பிறந்தவன் கையில. அக்கா தாலியறுக்கக் கூடாதேன்னு அவன்தாம்ல உசுரைக் கொடுத்துப் பிடிப்பான்!"

வீரபாகு வந்தான். கயிற்றைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சாமியாரை மெல்ல மெல்ல இறக்கினான். பாதிக் கிணற்றில் நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டான்.

"வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வருவியளா, சாமி?"

உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"என்னலே சாமி கீமின்னு அன்னியமாப் பேசுத? அத்தான்னு கூப்பிடு! வாரேன், வாரேன்!"