ஊமைப்படத்துத் தாய்

மகன் படிக்கும் திண்டிவனம் கல்லூரியில் பெற்றோருக்காக நூறு வருஷத்துப் பழைய ஊமைப்படம் ஒன்றைப் போட்டார்கள். ஏழைத் தாயின் கைக்குழந்தை பணக்கார வீட்டுக்குத் தத்துப் போகும் காட்சியில் திருமுருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"பெத்தவளோட தியாகத்தைப் பாத்தியா, இளவரசி?"

இளவரசி திரையை நோக்கிக் கையை நீட்டினாள். "தியாகமா? அவ கத்திக்கினு இருக்கறா, சத்தம்தான் கேக்கலை. புருஷன்தான் புடுங்கிக் குடுக்கறான்!"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க. சினிமாதானே?"

"சினிமாவா? விழுப்புரத்துல உங்க அக்கா வீட்ல வளர்ற நம்ம பொண்ணுகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க? அம்மாதான் மனசாரக் குடுத்தாள்னுதானே?"

இளவரசி எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்க போற?"

"விழுப்புரம் பஸ் ஏறப்போறேன். நான் குடுக்கலைன்னு அவகிட்ட நானே சொல்றேன்."