பச்சைப் பட்டுக் கவுன்காரியின் துக்கம்

“புருஷன் செத்துட்டான் சார்! இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?” அழாத குறையாகக் கத்தினாள் அவள்.

“செத்துட்டான்னா ஆதாரம் காட்டும்மா” என்றார் பேராசிரியர், டீயை உறிஞ்சியபடி. ஈவு இரக்கம் இல்லாத மனுஷன்.

செத்தவன் அவள் புருஷன் இல்லை. மேஜைமேல் கிடந்த கலர் பிரிண்டில் பச்சைப் பட்டுக் கவுனும் முத்துமாலையுமாக நிற்கிறாளே ஒரு சீமாட்டி, அவளுடைய புருஷன். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம். அந்தச் சீமாட்டியின் மனசில் என்ன இருந்தது என்பதுதான் இவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. இன்று இவர் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரி வேலை. இல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

“நல்லா பாருங்க சார். பக்கத்துல காலி நாற்காலி. அதுமேல இவ கை. விரல்ல கல்யாண மோதிரம் இல்லை. புருஷன் உட்கார்ந்த இடத்தைத் தடவிக்கிட்டு நிக்கிறா. இதுக்கு மேல அந்தப் பொம்பளை வாயைத் திறந்தா சொல்லணும்?”

“உடம்புக்குத் தலை சின்னதா இருக்கே?”

“துக்கத்துல முகம் வாடி இளைச்சுப் போச்சு சார்!”

“உடம்பு மட்டும் இளைக்கலையாக்கும்.”

சொன்னதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. இந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டு வயசுதான் போனது என்று ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அடக்க மாட்டாமல் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

பேராசிரியர் பதறிப்போனார். “சரி சரி, கண்ணைத் துடை. விதவைன்னே வெச்சுக்குவோம், போ” என்று ஆய்வேட்டைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. “மியூசியத்துல வேலை பார்க்கிற தோழி சார்” என்றாள்.

“படத்தைப் பத்தித்தானே? ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்” என்றார் அவர்.

“ஏய், உனக்கு யோகம்தான் போ! கண்காட்சிக்காக உன் ஓவியன் வரைஞ்ச படம் இன்னும் நாலு வந்திருக்கு. நாலுலயும் அதே பச்சைக் கவுன், அதே நாற்காலி, அதே கைடி!”

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

“அதே பொம்பளையா?” என்று கேட்டாள் இவள்.

“மூணுல வேற வேற பொம்பளைங்க. நாலாவதுல இன்னும் தலையே போடலைடி!”