இரண்டு ஐம்பதுக்குச் சேரலாம்

பிற்பகல் மூன்று பத்துக்குத் தம்பி ராய் இறந்துவிட்டான் என்று நாலு மணிக்குத் தொலைபேசி வந்தது. பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் நெவிலுக்கு அவன் வீடு எங்கே என்றுகூடத் தெரியாது. தன் ஊரான செடுனாவில் ஒரு கடையில் காருக்கு வழிகாட்டும் கருவி ஒன்று வாங்கி, தொலைபேசியில் சொன்ன முகவரியை அதில் போட்டான்.

"இந்த நல்லார்பார் பொட்டல்வெளில இருக்கறதே மேற்கே போற ஒரே ரோடு. இதுக்கொரு மெஷினா?" என்றாள் மனைவி பெரில்.

மிச்சத் தூரத்தை வேகத்தால் வகுத்து, இப்போதைய மணியோடு கூட்டினால் போய்ச் சேரும் நேரம் வந்துவிடும். கருவி செய்வது அவ்வளவுதான். அப்போதே மணி நாலரை; திரையில் பிற்பகல் 2.50 என்று இருந்தது.

"மேற்கே போனா கடிகாரத்தைப் பின்னால வைக்கணுமே, அதுவா இருக்கும்."

"அது முக்கால் மணிதானே, பெரில்?"

ஐந்து மணி நேரம் ஓட்டினார்கள். சூரியன் இறங்கவில்லை. புதர்களின் நிழல்கள் குறுகிக்கொண்டே வந்தன. கருவி சொன்ன மண்பாதையில் திரும்பினார்கள்.

ராய் வாசலில் நின்றிருந்தான்.

"என்னண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இரு, டீ போடறேன்."

"டீயெல்லாம் வேணாம்டா. வந்து உட்காரு," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான் நெவில்.

மூன்று பத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.