அய்யா உள்ளே இருக்கார்

“அய்யா முக்கியமான வேலையா இருக்கார்மா. இப்ப பார்க்க முடியாது” என்று கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார் பியூன்.

கதவுக்கு வெளியே அய்யாவின் கறுப்பு ஷூ இருந்தது. மேல்கண்ணாடி வழியாக எரியும் லைட்டும் சுற்றும் ஃபேனும் தெரிந்தன. இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் பியூன் ஒரு டம்ளர் டீயை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

டெய்லரம்மா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக் கைப்பைக்குள் போட்டாள். இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க, முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க. அப்படி என்னதான் செய்றார்?”

“ஃபைல் பார்க்கிறார்மா.”

நகரசபைக்குத் தேர்தல் நின்று ஒன்பது வருடம் ஆகிறது. கவுன்சிலர்கள் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டதில் அரசு சபையைக் கலைத்துவிட்டு, ஓர் அதிகாரியை உட்கார வைத்தது. இப்போது திடீரென்று ஞானோதயம் வந்து, ‘மறுபடியும் தேர்தல் வேண்டுமா, அதிகாரியே தொடரலாமா?’ என்று வீட்டுக்கு வீடு ஒரு படிவம் அனுப்பியிருந்தது. டிக் அடித்து, நகரசபை ஆபீஸ் வராந்தாவில் உள்ள சீல் வைத்த பெட்டியில் போட வேண்டும். இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குப் பெட்டியை எடுத்துப் போக வேன் வந்துவிடும்.

பெட்டிக்கு முன்னால் நின்ற வரிசை முழுக்க அதிகாரி கட்சிதான்.

“தேர்தல் எதுக்குங்கறேன்?” என்றார் மருந்துக்கடைக்காரர். “கவுன்சிலர் காலத்துல தெருவிளக்கு அணைஞ்சா அணைஞ்சதுதான். இப்போ மனு கொடுத்த மறுநாளே பல்பு எரியுது. அய்யா தங்கம்!”

“எங்க தெருக் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தது. ஒரே ஒரு மனு. விடியறதுக்குள்ள வாஷர் மாத்தியாச்சு” என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். “மூஞ்சியைக்கூடக் காட்டாம வேலை பார்க்கிறார் பாருங்க, அதுதான் பெரிய மனுஷத்தனம்.”

“பல்பு எரியுது, வாஷர் மாறுது, எல்லாம் சரி. என் வீட்டு வாசல் சிலாப் மட்டும் ஏன் மாறலை?” என்று திரும்பினாள் டெய்லரம்மா.

சாக்கடை மேல் கிடந்த சிலாப் உடைந்து எட்டு மாதமாகிறது. ஒரு நாள் விடிந்து பார்த்தால், யாரோ இரண்டு பலகையை ஆணியடித்துப் போட்டிருந்தார்கள். அவள் நடக்க அது போதும். சக்கர நாற்காலியில் இருக்கும் கணவரின் பாரத்தை அது தாங்காது.

எட்டு மாதமாக அந்த மனுஷர் ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்க்கிறார். போன வாரம், “இனிமே எனக்குப் புதுச்சட்டை தைக்காதே, யார் பார்க்கப் போறாங்க?” என்று சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு அவளால் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. அழுது தீர்த்தாள்.

“மூணு மனு கொடுத்துட்டேன். கவுன்சிலர் இருந்தா அவர் வாசல்ல போய் நின்னு நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்பேன். இவரை எங்கே போய்க் கேட்கிறது?”

“ஒரு சிலாப்புக்காக ஊரையே கவுன்சிலர்களுக்கு எழுதி வைக்கச் சொல்றீங்களாம்மா?” என்றார் வாத்தியார்.

வரிசை சிரித்தது. பியூன் மட்டும் சிரிக்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த கிரீஸைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி நாலே முக்கால்.

“தள்ளுங்க அண்ணே.”

“வேண்டாம்மா, அய்யா கோபப்படுவார்.”

“படட்டும். அப்பவாவது மூஞ்சியைக் காட்டுவார் இல்லே?”

அவர் கைக்கு அடியில் குனிந்து புகுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மேஜையில் மூன்று வருடத்துக்கு முந்தைய காலண்டர். அதன் பக்கத்தில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மூலையில் ஓர் ஏணி, ஒரு ஸ்பேனர், ஒரு பெட்டி பல்பு.

பியூன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

“அய்யா எங்கே அண்ணே?”

“மாற்றலாகிப் போய் மூணு வருஷமாச்சும்மா. பதிலுக்கு யாரையும் போடலை.”

“வெளியில ஷூ?”

“அது அவர் வேண்டாம்னு விட்டுட்டுப் போனது.”

“அப்போ பல்பு?”

“நான்.”

“வாஷர்?”

“நான்தான்.”

“என் வீட்டு வாசல்ல பலகை?”

பியூன் தலையைக் குனிந்துகொண்டார். “பலகை வரைக்கும்தாம்மா என்னால முடியும். சிலாப்புன்னா டெண்டர் விடணும். அதுக்கு அய்யா கையெழுத்து வேணும்.”

“ஆள் இல்லைன்னு மேலே எழுதிப் போட வேண்டியதுதானே?”

“பதினாலு தடவை எழுதினேன். அய்யா கையெழுத்து இல்லைன்னு பதினாலும் திரும்பி வந்துடுச்சு.”

“ஊர்லயாவது சொல்லியிருக்கலாமே?”

“ஆளில்லாத ஆபீஸ்னு தெரிஞ்சா யாரும் மனு கொண்டு வரமாட்டாங்க. எந்தத் தெருவுல பல்பு எரியலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எட்டு மாதக் கோபத்தை யார் தலையில் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே, “அய்யாவே தொடரட்டும்!” என்று யாரோ கைதட்டினார்கள். வேனின் ஹாரன் கேட்டது.

பியூன் அய்யாவின் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தன் படிவத்தை எடுத்து, அவள் இன்னும் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருந்த படிவத்தின் மேல் வைத்தார். ‘தேர்தல் வேண்டும்’ என்ற கட்டத்தில் கிரீஸ் கறையோடு ஒரு டிக் இருந்தது.

“இதையும் சேர்த்துப் பெட்டியில போட்டுடுங்கம்மா. இந்த ஒரு தாளுக்குத்தான் அய்யா கையெழுத்து வேண்டாம்.”