அடித்தால் வராத எழுத்து

இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று மகளுக்கு எழுத உட்கார்ந்தார் அவர். மடிக்கணினியின் விசைகள் தடதடத்தன. திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

மறுபடி அடித்தார். திரை வெறித்துப் பார்த்தது. களைத்துப்போய் விரல் ஒரு விசையின்மேல் தங்கியபோது, ஓர் எழுத்து வந்து நின்றது. வரலாமா என்று யாரையோ கேட்டுக்கொண்டு வந்ததுபோல.

மகள் செய்தது அவருக்குப் பெருங்குற்றம். அவர் நாலு பேரைப் பார்த்து வாங்கித் தந்த வேலையை, அவரைக் கேட்காமலே உதறியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வாயால் திட்டினால் காற்றோடு போய்விடும், எழுதினால்தான் தைக்கும் என்பது அவர் கொள்கை. அப்படித் தைத்ததில் இரண்டு நண்பர்களும் ஒரு பங்காளியும் இந்தப் பக்கம் தலைகாட்டியே வருடங்களாகின்றன.

முக்கி முனகி அரை வரி தேறியது.

சத்தம் கேட்டு வந்த மனைவி, "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். தட்டச்சுப் பழக்கமில்லாதவள், ஒவ்வொரு விசையாகத் தேடி, விரலை வைத்து அழுத்தினாள். எழுத்துகள் வரிசையாக, சொன்ன பேச்சுக் கேட்டு வந்தன.

அவர் மடிக்கணினியை எட்டி நின்று பார்த்தார்.

"உன் கைக்கு வருது, என் கைக்கு வரமாட்டேங்குதே. பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"பேய்க்கு வேற வேலை இல்லையா?" என்று, தான் அடித்ததை அழித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

போன மழைக்காலமும் நினைவுக்கு வந்தது. தம்பியின் உறவே வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தபோதும் இது இப்படித்தான் அடம்பிடித்தது. அலுத்துப்போய் மூடிவிட்டார். அந்த மாதமே நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் கட்டிலடியிலேயே கிடந்து பார்த்துக்கொண்டவன் அந்தத் தம்பிதான். அதற்குப் பிறகு கணினியில் செய்தி படிப்பதோடு சரி. எழுதுமளவுக்கு யார்மீதும் கோபம் வரவில்லை.

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்தார். தூசு தட்டினார், எதையெதையோ திறந்து பார்த்தார், பிறகு சிரித்தார்.

"பழுதே இல்ல சார். யாரோ வேணும்னுதான் இப்படி வச்சிருக்காங்க. கை நடுங்கறவங்களுக்காக உள்ளேயே இருக்கற வசதி இது. வேகமா அடிச்சா எடுத்துக்காது. நிதானமா அழுத்திப் பிடிச்சாத்தான் எழுத்து வரும்."

அவர் மனைவியை முறைத்தார். "யார் பண்ணின வேலை?"

"எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? உங்க மகதான். உங்க தம்பிக்கு எழுதப்போறேன்னு சாப்பிடும்போது கத்தினீங்களே, அன்னைக்கு. நீங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பண்ணினா. 'அப்பா கோபம் கொஞ்ச நேரந்தாம்மா, அது அடங்கறவரைக்கும் இது தாங்கும்'னு சொன்னா."



"எடுத்துடட்டுமா சார்?" என்றார் பழுது பார்ப்பவர்.

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அழிக்கற விசை?" என்று கேட்டார்.

"அதையும் அழுத்தித்தான் பிடிக்கணும் சார்."

திரையில் அந்த அரை வரி காத்திருந்தது. அவர் விரலை வைத்தார். கடைசி எழுத்து மறையும்வரை எடுக்கவில்லை.