எடையில்லாத மூட்டை

தாம்பரம் விண்கலத் தளம், 2006, சாயங்காலம். நிலவுக்கு அரிசி கொண்டுபோகும் கலத்தின் வாசலில் ஓட்டுநர் துர்கா அக்கா, மெக்கானிக் லோகு, மூட்டை ஏற்றும் பரணி, மூட்டை ஏற்றும் நான். கூலியாள் ஒருவருக்குத்தான் கலத்தில் இடம். அது பரணிக்குக் கிடைத்துவிட்டது. அவன் குனிந்து புது ஷூவின் நாடாவை மறுபடியும் இறுக்குகிறான். வெயில் அந்த ஷூவின் மேல் மட்டும் பளபளக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன்கள் இங்கே வரை கேட்கின்றன. "இன்னா மச்சான், மூஞ்சி உர்ருனு கீது? அங்கயும் மூட்டை தூக்குற வேலதான்டா," என்கிறான் பரணி. "போற வழில மூட்டைக்கு வெயிட்டே இருக்காதாமே," என்கிறேன். லோகு சிரித்துக்கொண்டே உள்ளே போகிறான். "ஏறுப்பா, நேரமாச்சு," என்று அக்காவும் ஏறுகிறாள். பரணி கை நீட்டுகிறான். நான் என் கைகளைச் சாக்கில் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். கடைசியில் அவனும் ஏறுகிறான். வெளியிலிருந்து பூட்டுவது தரையில் நிற்பவன் வேலை. பரணி திரும்பிப் பார்ப்பதற்குள் கதவை அறைந்து சாத்திப் பூட்டுகிறேன்.